டயோக்ளீஷியன் அரண்மனை, ஸ்ப்ளிட்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

குரோவேஷியாவின் ஸ்ப்ளிட் நகருக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டிலிருந்தே ஒரு தவறைச் செய்துவிடுகிறார்கள். "அரண்மனை நுழைவுச்சீட்டு" என்று இணையத்தில் தேடி, கிடைத்ததை வாங்கிவிடுவது. அரண்மனைக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. நான்கு வாசல்களும் இரவு பகலாகத் திறந்தே இருக்கும். உள்ளே தெருக்கள், வீடுகள், கடைகள், மதுக்கூடங்கள், மாடிக்கு மாடி கட்டிய கொடியில் காயும் துணி எல்லாம் உண்டு. அந்தப் பெயரில் இணையத்தில் விற்பவை பெரும்பாலும் வழிகாட்டியோடு நடக்கும் சுற்றுலா, அல்லது உள்ளே இருக்கும் ஏதோ ஓர் இடத்துக்கான சீட்டு.

காசு கேட்பவை தனித்தனி இடங்கள்: நிலவறைகள், பேராலயமும் அதைச் சேர்ந்தவையும், மணிக்கூண்டு, இரண்டு மூன்று அருங்காட்சியகங்கள். இவற்றில் எது கொடுத்த காசுக்குத் தகும், எதை விடலாம், எதை முதலில் பார்ப்பது என்று மட்டும் இங்கே பார்ப்போம். வரிசை முக்கியம். மாற்றிப் பார்த்தால் பாதி விளங்காது.

விளங்குவதற்குத் தேவையான வரலாறு கொஞ்சம்தான். டயோக்ளீஷியன் கி.பி. 284 முதல் 305 வரை ரோமப் பேரரசர். பக்கத்து ஊரான ஸலோனாவின் வட்டாரத்தில் பிறந்தவர். 305இல் தாமாகவே பதவியைத் துறந்துவிட்டு, ஓய்வுக்காகக் கட்டிவைத்த இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஏறக்குறைய 215 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம். அரண்மனை என்கிறோமே தவிர, அமைப்பில் பாதி படைமுகாம். வடக்குப் பாதியில் காவலர்களும் பணியாளர்களும், தெற்குப் பாதியில் பேரரசரின் இருப்பிடம், நடுவில் பெரிஸ்டைல் என்ற தூண் முற்றம். கல்லில் பெரும்பகுதி எதிரே இருக்கும் பிராச் தீவின் சுண்ணாம்புக்கல். தூண்களில் சில எகிப்தியக் கருங்கல். தெற்குச் சுவரின் அடியைக் கடல் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது அங்கே ரிவா என்ற கடற்கரை நடைபாதை இருப்பது பிற்காலத்தில் கடலைத் தூர்த்ததால்.

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவார், ஸ்லாவியப் படைகளால் ஸலோனா அழிந்தது. தப்பி வந்தவர்கள் இந்த மதிலுக்குள் குடியேறினார்கள். அன்றிலிருந்து ஆள் நடமாட்டம் நின்றதே இல்லை. மற்ற ஊர்களில் ரோமானிய மிச்சங்களைத் தோண்டி எடுத்து வேலி போட்டிருப்பார்கள். இங்கே மிச்சத்துக்கு உள்ளேயே ஊர் வளர்ந்தது. ஒரு வீட்டுச் சுவரிலிருந்து ரோமானியத் தூண் பாதி எட்டிப் பார்ப்பதும், பேரரசரின் கல்லறை பேராலயமாக இருப்பதும் அதனால்தான்.

முதலில் நிலவறைகள்

உள்ளூரில் "பொட்ரூமி" என்பார்கள். ஒரே ஓர் இடத்துக்குத்தான் காசு செலவழிப்பேன் என்றால் இதற்குச் செலவழியுங்கள். இதையே முதலில் பாருங்கள்.

காரணம் எளிது. அரண்மனையின் தெற்குப் பாதியில் தரை கடலை நோக்கிச் சரிந்தது. மேல்தளத்தைச் சமமாக நிறுத்த, கீழே கவிகைக் கூரையோடு இந்த அறைகளைக் கட்டினார்கள். மேலே எங்கே சுவரோ அங்கே கீழேயும் சுவர். மேலே பெரிய மண்டபம் என்றால் கீழேயும் அதே அளவு மண்டபம். மேலே இருந்த பேரரசரின் வீடு பெரும்பாலும் அழிந்துவிட்டது. கீழ்த்தளம் முழுசாக நிற்கிறது. ஆக, இன்று அந்த வீட்டின் வரைபடம் இருப்பது இங்கேதான். இதைப் பார்த்துவிட்டு மேலே போனால், சந்துகளுக்கு நடுவே எது எந்த மண்டபம் என்று கண் தானாகப் பிரித்துவிடும்.

இவ்வளவு நன்றாக இது தப்பியதற்குக் காரணம் குப்பை. இடைக்காலத்தில் மேலே வீடு கட்டியவர்கள் கவிகையில் ஓட்டை போட்டுக் கழிவை எல்லாம் கீழே கொட்டினார்கள். நூற்றாண்டுகளாகக் கொட்டி அறைகள் கூரை வரை நிரம்பிவிட்டன. அந்த நிரப்பே கூரையைத் தாங்கியது. கல்லைப் பெயர்க்க யாரும் உள்ளே போகவும் வழியில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்துதான் பெரிய அளவில் அள்ளி வெளியேற்றினார்கள். ஓட்டைகளை இன்றும் அண்ணாந்து பார்க்கலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ரிவாவிலிருந்து வெண்கல வாசல் வழியாக நுழைந்தால் நேராக ஒரு நடு மண்டபம். இருபுறமும் நினைவுப் பொருள் கடைகள், எதிர்முனையில் படிக்கட்டு. இந்த வழி இலவசம். கூட்டத்தில் பெரும்பகுதி இதை மட்டும் கடந்து, படியேறி, "நிலவறை பார்த்தாயிற்று" என்று போய்விடுகிறது. உண்மையான நிலவறைகள் இடமும் வலமும் இருக்கின்றன. சீட்டு கேட்பது அங்கேதான். மேற்குப் பகுதி பெரியது, முதலில் அதற்குள் போங்கள். தடித்த தூண்கள் வரிசையாக நிற்கும் நீண்ட மண்டபம்தான் இதில் முக்கியம்; இதற்கு நேர் மேலே பேரரசரின் வரவேற்பு மண்டபம் இருந்தது. தூண்கள் ஏன் இவ்வளவு பருமன் என்றால், அத்தனை சுமையும் அவற்றின் மேல்தான். கவிகைக்குச் செங்கல்லோடு எடை குறைந்த டஃபா கல்லையும் கலந்து கட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும். கிழக்குப் பகுதியில் உணவுக்கூடத்தின் அடித்தளம் சிலுவை வடிவில் இருக்கிறது. சாவகாசமாகப் பார்த்தால் ஒரு மணி நேரம், அவசரமென்றால் அரை மணி.

குறை இல்லாமல் இல்லை. விளக்கப் பலகைகள் போதாது. வரைபடம் ஒன்றைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு போகாவிட்டால் வெறும் கல் அறைகளாகத் தோன்றும். ஈரக் கசிவு உண்டு, தரை ஓரிடம் போல ஓரிடம் இருக்காது. கண்காட்சிகள் நடக்கும் நாட்களில் மேசைகளும் திரைகளும் மண்டபங்களின் அளவையே மறைத்துவிடும். டிராகன்கள் வரும் ஒரு தொலைக்காட்சித் தொடரின் காட்சிகள் இங்கே படமானதால், படம் எடுத்துக்கொள்ள வருகிற கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் ஜூலை வெயிலில் பகல் பன்னிரண்டுக்கு ஊரிலேயே குளிர்ச்சியான இடம் இதுதான். காலையில் கூட்டமில்லாமல் பார்ப்பது நல்லது. அது முடியாதவர்கள் உச்சி வெயிலுக்கு ஒதுங்கும் இடமாக இதை வைத்துக்கொள்ளலாம்.

மேலே ஏறி

நடு மண்டபத்தின் படி உங்களைப் பெரிஸ்டைலில் கொண்டுபோய் விடும். உடனே அங்கேயே நின்றுவிடாமல் திரும்பி, தெற்கே இருக்கும் வெஸ்டிபியூலுக்குள் ஏறுங்கள். பேரரசரின் இருப்பிடத்துக்கு முன்கூடம் அது. வட்டக் கூடம், ஒருகாலத்தில் மூடியிருந்த குவிமாடத்தின் உச்சி இன்று திறந்து வானம் தெரிகிறது. ஒலி நன்றாக எதிரொலிப்பதால் கிளாப்பா என்ற டால்மேஷியக் குழுப்பாட்டைப் பாடுகிறவர்கள் பருவகாலக் காலைகளில் இங்கே நிற்பார்கள். கேட்க இலவசம். குறுந்தகடு விற்பார்கள், வாங்கியாக வேண்டும் என்றில்லை. தட்டில் சில்லறை போடுவது மரியாதை.

பெரிஸ்டைலில் கறுப்புக் கருங்கல்லில் ஒரு ஸ்பிங்ஸ் உட்கார்ந்திருக்கும். டயோக்ளீஷியன் எகிப்திலிருந்து கொண்டுவந்தது. அரண்மனைக்கு வயது 1,700 என்றால் இதற்கு வயது 3,400க்கு மேல். பலர் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு என்னவென்று கேட்காமலே நகர்கிறார்கள். முற்றத்தின் படிகளில் மெத்தை போட்டிருந்தால் அது உணவகத்துக்குச் சொந்தம். உட்கார்ந்தால் எதையாவது வாங்க வேண்டும். மெத்தை இல்லாத படி பொதுவிடம். காப்பிக்கு இங்கே இரண்டு தெரு தள்ளி இருப்பதைவிட நிறையவே கூடுதல். மாலையில் பாட்டு நடக்கும்போது ஒரு தடவை கொடுக்கலாம், மற்றபடி வேண்டாம்.

பேராலயத்தின் வண்ணச் சீட்டுகள்

இங்கேதான் குழப்பம் அதிகம். பேராலயம், அதன் அடியில் உள்ள புனித லூசியா நிலவறை, ஞானஸ்நான மண்டபமாகிவிட்ட ஜூப்பிட்டர் கோயில், பொருட்காப்பகம், மணிக்கூண்டு என்று ஐந்து இடங்கள். இவற்றை வெவ்வேறு விதமாகச் சேர்த்து, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வண்ணம் கொடுத்து விற்கிறார்கள். எந்த வண்ணத்தில் என்ன அடங்கும், என்ன விலை என்பது மாறிக்கொண்டே இருக்கும். பழைய பயணக் குறிப்பில் படித்த வண்ணத்தைக் கேட்டு வாங்காதீர்கள். இடத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சீட்டு விற்கும் இடம் வேறு, பேராலய வாசல் வேறு. வாசலில் வரிசையில் நின்று, முன்னே வந்தபின் திருப்பி அனுப்பப்படுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம்.

பேராலயமும் ஜூப்பிட்டர் கோயிலும் சேர்ந்த சீட்டு போதும். பேராலயம் என்பது டயோக்ளீஷியனின் கல்லறை மண்டபம். வெளியே எண்கோணம், உள்ளே வட்டம். கிறித்தவர்களை வேட்டையாடிய பேரரசர் அவர். அவர் ஆட்சி முறையின் கீழ் 304இல் கொல்லப்பட்ட ஸலோனா ஆயர் டோம்னியஸின் பெயரில்தான் இன்று இந்த ஆலயம் நிற்கிறது. பேரரசரின் கல்பேழை எப்போதோ காணாமல் போய்விட்டது. கல்லறைக்குச் சொந்தக்காரர் வெளியே, பலியானவர் உள்ளே. மக்கள் டோம்னியஸைத் துயே என்று செல்லமாக அழைத்து, மே 7ஆம் தேதி ஊர் முழுக்கத் திருவிழா எடுக்கிறார்கள்.

உள்ளே போனதும் எல்லாரும் பீடங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் மேல்வரிசைத் தூண்களுக்கு அருகே ஓடும் சிற்பப் பட்டையைத் தேடுங்கள். வேட்டைக் காட்சிகளுக்கு நடுவே இரண்டு வட்டங்களில் முகங்கள். டயோக்ளீஷியனும் அவர் மனைவி பிரிஸ்காவும் என்று கருதப்படுகிறது. கண்ணுக்கு எட்டாத உயரம், சிறிய தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள். பீடங்களில் நேரம் கொடுக்க வேண்டியது யுராய் டால்மட்டினாட்ஸ் 1448இல் செதுக்கிய புனித அனஸ்தாசியஸ் பீடம். நுழைவாயிலின் மரக்கதவுகளை ஆண்ட்ரியா புவினா 1214இல் செய்தார். கிறிஸ்துவின் வாழ்க்கை 28 கட்டங்களில். கூட்டம் பின்னால் தள்ளுவதால் கதவைப் பார்க்காமலே உள்ளே போய்விடுவது வழக்கம்.

ஜூப்பிட்டர் கோயில் சிறியது, பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் கழுத்தை நிமிர்த்தியே வைத்திருங்கள். கட்டம் கட்டமாகச் செதுக்கிய கவிகைக் கூரை ஏறக்குறைய முழுசாக மிஞ்சியிருக்கிறது. கீழே ஞானஸ்நானத் தொட்டியின் கற்பலகையில் அரியணையில் அமர்ந்த ஓர் அரசர். 11ஆம் நூற்றாண்டுக் குரோவேஷிய அரசர் என்பார்கள். மூலையில் நிற்கும் மெலிந்த யோவான் சிலை இவான் மெஷ்ட்ரோவிச் செய்தது. வெளியே தலையில்லாத இன்னொரு ஸ்பிங்ஸ் இருக்கிறது. கோயிலை ஒட்டிய சந்துக்கு "என்னைப் போகவிடு" என்று பெயர். அகலத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

லூசியா நிலவறையைச் சேர்த்துக் கொடுத்தால் பாருங்கள், தனியாகக் காசு கொடுக்காதீர்கள். ஒரு கிணறு, ஒரு சிலை, இருட்டு. பொருட்காப்பகம் பழைய கையெழுத்துப் படிகளிலும் வெள்ளிப் பாத்திரங்களிலும் ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும். ஞாயிறு காலை வழிபாட்டின்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். தோள் தெரியும் உடை வேண்டாம்.

மணிக்கூண்டு: 13ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஆனால் இன்று நிற்பது பிரித்து மீண்டும் கட்டி 1908இல் முடித்தது. ஏறுவதா வேண்டாமா என்பதைப் படிகளே தீர்மானிக்கும். தொடக்கத்தில் உயரமும் குறுகலுமான கற்படிகள். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன்பின் அடியில் எல்லாம் தெரியும் இரும்புப் படிகள், பக்கங்களில் திறந்த வளைவுகள். உயரம் பயமுள்ளவர்கள் பாதியில் நின்று பின்னால் வருகிறவர்களையும் நிறுத்திவிடுகிறார்கள். சிறு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள். மழை நாளிலும் வேண்டாம். மேலிருந்து பார்த்தால் மதிலின் நாற்கரம் தெளிவாகத் தெரியும். அதுதான் இதன் மதிப்பு. வெறும் கடல் காட்சிக்காக என்றால் 178 மீட்டர் உயர மார்யான் குன்றுக்கு நடந்து போங்கள், காசும் இல்லை, நிழலும் உண்டு.

காசில்லாமல் கிடைப்பவை

வடக்கே தங்க வாசல். ஸலோனா சாலை இங்கேதான் முடியும், அதனால் நான்கில் இதுவே அலங்காரமானது. வாசலுக்கு மேலே, பழைய காவலர் நடைவழியில் புனித மார்ட்டின் சிற்றாலயம்: நீளம் பத்து மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். வாசலுக்கு வெளியே மெஷ்ட்ரோவிச்சின் பெரிய வெண்கலச் சிலை, ஆயர் க்ர்குர் நின்ஸ்கி. கால் கட்டைவிரலைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று தடவித் தடவி அது மட்டும் பளபளக்கிறது. 1929இல் இதைப் பெரிஸ்டைலின் நடுவில்தான் நிறுத்தினார்கள். அந்தச் சிறு முற்றத்தில் இவ்வளவு பெரிய உருவம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், உலகப் போரின்போது எடுத்தது நல்லதாகவே தோன்றுகிறது.

மேற்கே இரும்பு வாசல், கிழக்கே வெள்ளி வாசல். வெள்ளி வாசலுக்கு வெளியே பஸார் என்ற காய்கறிச் சந்தை. மேற்கே மீன் சந்தை. பக்கத்திலேயே கந்தக ஊற்று இருப்பதால் ஈ வராது என்பது ஊர்ப் பேச்சு. இரண்டும் காலையில்தான், மதியம் போனால் கழுவிவிட்ட தரை மட்டும் இருக்கும்.

தெருக்கற்கள் காலடி பட்டுப் பட்டுக் கண்ணாடியாகத் தேய்ந்தவை. நான்கு தூறல் விழுந்தால் போதும், வழுக்கும். தோல் அடி வைத்த செருப்பு கூடாது. ரப்பர் அடி வேண்டும். நீச்சல் உடையிலோ மேல்சட்டை இல்லாமலோ பழைய நகருக்குள் நடந்தால் அபராதம் உண்டு என்று எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. விளையாட்டுக்கு வைத்தவை அல்ல.

நேரம்: காலை எட்டுக்கு முன் பெரிஸ்டைலில் நீங்களும் பால் வண்டியும்தான். கப்பல் பயணிகளின் குழுக்கள் ஒன்பதரை, பத்துக்கு வரத் தொடங்கும். அதற்குள் தெருக்களை முடித்துவிட்டு, திறந்ததும் நிலவறை, பிறகு பேராலயம். மே, செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கம் நல்லவை. குளிர்காலத்தில் பூரா என்ற வடகிழக்குக் காற்று அடித்தால் வானம் துல்லியமாக இருக்கும், காது உறையும். யூகோ என்ற தென்கிழக்குக் காற்று என்றால் புழுக்கமும் மழையும், படகுகள் ரத்தாவதும் உண்டு.

தங்கவும் சாப்பிடவும்

மதிலுக்குள் தங்குவது படத்தில் நன்றாக இருக்கும். வண்டி உள்ளே வராது. பெட்டியின் சக்கரங்கள் கல் இடுக்கில் மாட்டும். மின்தூக்கி இருக்கும் கட்டடம் அபூர்வம். மூன்றாம் மாடி என்றால் சுழற்படியில் நீங்களேதான் தூக்க வேண்டும். கோடை இரவில் மதுக்கூடச் சத்தம், காலையில் ஆலய மணி. தங்கியே ஆக வேண்டும் என்றால் முன்பதிவுக்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனையாவது மாடி, சன்னல் தெருவைப் பார்க்கிறதா முற்றத்தைப் பார்க்கிறதா. மேற்கே வெலி வரோஷ் பகுதியில் ஐந்து, பத்து நிமிட நடைத் தூரத்தில் தங்கினால் தூக்கம் கிடைக்கும். படகுத் துறை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் மூன்றும் அடுத்தடுத்து இருப்பதால், பிராச் தீவுக்கு (சுபெட்டார் துறைக்கு 50 நிமிடம்) போகிறவர்கள் கிழக்குப் பக்கம் தங்கலாம்.

சாப்பாட்டில், "கொனோபா" (உள்ளூர் பாணி உணவு விடுதி) என்று பெயர் போட்டதெல்லாம் வீட்டுச் சமையல் இல்லை. ஒரு சோதனை: காலை பத்து, பதினொன்றுக்கு "மரெண்டா" என்று கையால் எழுதிய பலகை வெளியே இருக்கிறதா? வேலைக்குப் போகிறவர்களின் முற்பகல் சாப்பாடு அது. அன்றன்று சமைத்தது, மலிவு. அந்தப் பலகை இருக்கும் கடையில் மாலையிலும் நம்பிச் சாப்பிடலாம். பாஷ்டிட்சாடா என்ற மாட்டிறைச்சிக் குழம்பை ஒருநாள் முழுக்க வினிகரில் ஊறவைத்து, உலர்ந்த பிளம்பழமும் இனிப்பு ஒயினும் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிட வேண்டும். குழம்பு கெட்டியாகாமல் நீர்த்திருந்தால் அவசரச் சமையல். பேக்கா என்பது இரும்பு மூடிக்கு மேல் தணல் போட்டு வேகவைப்பது. முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். "இப்போதே தருகிறோம்" என்றால் அது அடுப்பில் சுட்டது.

மீன் விலை பட்டியலில் கிலோ கணக்கில் இருக்கும், தட்டுக் கணக்கில் அல்ல. இதைக் கவனிக்காமல்தான் பில்லைப் பார்த்து அதிர்ச்சி. மீனைக் காட்டச் சொல்லி, எடை போடச் சொல்லி, தொகையைக் கேட்டபின் சமைக்கச் சொல்லுங்கள்; யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி உண்டு. சொபார்னிக் என்பது மெல்லிய மாவுத் தட்டுகளுக்கு நடுவே ப்ளிட்வா கீரையும் வெங்காயமும் வைத்துக் கனலில் சுட்டு, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் தடவியது. பாலோ முட்டையோ கிடையாது. பஸாரில் துண்டுதுண்டாக விற்பார்கள். சூட்டோடு வாங்குங்கள், ஆறினால் தோலாகிவிடும். கறுப்பாக வரும் ரிசோட்டோ கணவாய் மையில் செய்தது, நிறத்தைப் பார்த்துக் கறுப்பரிசி என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள்.

ஸலோனா

அரை நாள் மிச்சமிருந்தால், ஸலோனாவின் மிச்சங்கள் இருக்கும் இன்றைய சோலினுக்குப் போங்கள், ஆறு கிலோமீட்டருக்குள்தான், உள்ளூர்ப் பேருந்து உண்டு. ரோமானிய மாகாணத் தலைநகரம் அங்கேதான் இருந்தது. அரண்மனையைப் பார்த்தபின் இதைப் பார்த்தால் ஏமாற்றமாகத் தோன்றும், ஏனென்றால் எழும்பி நிற்கும் சுவர் குறைவு. மனஸ்திரினே கல்லறைத்தோட்டத்தின் கல்பேழைகள், நகர மதில், மேற்குக் கோடியில் அரங்கு. அரங்கின் கற்களைத் தகர்த்தது காலம் அல்ல, 17ஆம் நூற்றாண்டில் வெனிஸ்காரர்கள். துருக்கியப் படை பதுங்கும் என்று. நுழைவாயிலிலிருந்து அரங்கு வரை நீண்ட நடை, நிழலே இல்லை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, மூன்று மணி நேரம். ஜூலை, ஆகஸ்ட்டில் காலை ஒன்பதுக்கு முன் தொடங்காவிட்டால் விட்டுவிடலாம்.

பழைய குறிப்புகளில் "குனா" என்று விலை போட்டிருந்தால் ஒதுக்குங்கள். 2023 ஜனவரி 1 முதல் யூரோதான், அதே நாளிலிருந்து ஷெங்கன் பகுதியும்கூட. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். இங்கே தங்கும் நாட்களும், எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்ற ஷெங்கன் கணக்கில் சேரும்.

தண்ணீர்ப் புட்டி வாங்கத் தேவையில்லை. டயோக்ளீஷியன் யாத்ரோ ஆற்றின் ஊற்றிலிருந்து சுமார் ஒன்பது கிலோமீட்டருக்குக் கால்வாய் கட்டி அரண்மனைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்; 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதையே பழுதுபார்த்து மீண்டும் ஓடவிட்டார்கள். இன்றைய குழாய்த் தண்ணீரும் அதே யாத்ரோ ஊற்றுதான். சுண்ணாம்புப் பாறை இடுக்குகள் வழியாக வடிகட்டப்படாமல் வருவதால், மலையில் பெருமழை பெய்தால் ஓரிரு நாள் கலங்கும். கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் குடிக்கலாம். மங்கலாக இருந்தால், அறிவிப்பு வரும்வரை கடையில் வாங்குங்கள்.